தள்ளிக் கட்டிய எல்லை

கலாராணியின் வாக்கு பொய்யாகிப் போகவேண்டும் என்று யாராவது மனமுருகி வேண்டிக்கொண்டார்கள் என்றால், அது கலாராணி மட்டும்தான்.

பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பாதையில், வளைவுகள் நெருக்கமாக வரும் ஓரிடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடைப் பாலத்தைக் கடந்து ஏறினால் வெள்ளப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு வரும். மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மேல் லயத்தின் கடைசி வீடு கலாராணியுடையது. அந்த வீட்டு வாசலில் ஒரு இரும்புக் கம்பி நட்டிருக்கும். அதன் தலையில், புனல் வைத்த ஒரு பிளாஸ்டிக் போத்தல். போத்தலில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடுகள். மழைத்தண்ணீர் மஞ்சளைத் தொட்டால் கவனமாக இருக்கவேண்டும். செம்மஞ்சளைத் தொட்டால் மூட்டை கட்டவேண்டும். சிவப்பைத் தொட்டுவிட்டால் எல்லோரும் லயத்தை விட்டு இறங்கிவிட வேண்டும்.

மண்சரிவைப் பற்றி ஆராய்கிற அதிகாரிகள் வந்து அந்தக் கம்பியை நட இடம் தேடியபோது, ஒருவரும் முன்வரவில்லை. சம்பளம் இல்லாத வேலை. மழை பெய்கிற நேரத்தில் எல்லோரும் போர்த்திக்கொண்டு படுத்திருக்க, அந்த வீட்டுக்காரர் மட்டும் எழுந்து போய்ப் பார்க்கவேண்டும். கலாராணிதான், என் வாசலில் நடுங்கள் ஐயா என்றாள். ஏனென்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

நாம் சொல்லலாம். கல்யாணம் முடித்து அவள் போன தோட்டம் பண்டாரவளைக்கு அந்தப் பக்கம். ஒரு கார்த்திகை மாதத்தில் அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்த நேரம், லயத்துக்குப் பின்னால் இருந்த மலை இறங்கி வந்துவிட்டது. காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்த கணவனும், அவன் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளும் அதன் கீழே போனார்கள். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த மகள். அம்மா என்ற சொல்லோடு இன்னும் நாலைந்து சொற்கள்தான் அந்தக் குழந்தைக்குத் தெரியும்.

அதைவிடக் கொடியது பிறகு தெரியவந்தது. அன்று விடியற்காலையில் பீலியில், அதாவது மலை ஊற்றிலிருந்து லயத்துக்குக் குழாய் வைத்துத் தண்ணீர் வரும் இடத்தில், தண்ணீர் செம்மண் கரைசலாக வந்ததை ஒரு மனிதர் பார்த்திருக்கிறார். மலைக்குள்ளே ஏதோ உடைகிறது என்று அவருக்குத் தோன்றியும் இருக்கிறது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டு, சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த ஒரு வெட்கத்துக்கு விலையாகப் போனது ஒரு லயம்.

பைத்தியம் பிடித்தவளைப்போல் திரும்பி வந்த கலாராணியைத் தாங்கிப் பிடித்தவன் அவளுடைய தம்பி தங்கவேல். என் சோற்றில் பாதி உனக்கு என்று சொல்லி, தன் வீட்டுக்கு அடுத்த வீட்டைத் தோட்ட மேலாளரான துரையிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தான். அவனுடைய மனைவி மாரியாயி நாத்தனாருக்குத் தலைவாரி விட்டாள், ஊட்டாத குறையாகச் சோறு போட்டாள். காலம் போகப் போகக் கலாராணி கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி மலைக்குப் போனாள். சிரிக்கவும் பழகிக்கொண்டாள். ஆனால் மழை பெய்தால் மட்டும் அவளுக்குத் தூக்கம் வராது. தூங்காமல் கிடக்கிற கண்ணுக்கு ஒரு வேலை கிடைத்ததே என்றுதான் அந்தப் போத்தலை அவள் வாங்கிக்கொண்டாள். எதற்காக நான் மட்டும் உயிரோடு விடப்பட்டேன் என்று ஒவ்வொரு நாளும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு, அந்த மூன்று கோடுகளும் ஒரு பதிலைப்போலத் தெரிந்தன.

போன கார்த்திகைக்கு முந்திய கார்த்திகையில் முதல்முறையாகத் தண்ணீர் சிவப்பைத் தொட்டது. கலாராணி வீடு வீடாக ஓடிக் கதவைத் தட்டினாள். அவள் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால், மறு பேச்சில்லாமல் எல்லோரும் இறங்கினார்கள். பாலத்துக்கு அப்பால் இருக்கும் பாடசாலையில் சிமெந்துத் தரையில் படுத்தார்கள். மழை விட்டது. மலை அப்படியே நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது, தங்கவேலின் பசு பட்டியிலேயே செத்துக் கிடந்தது. கன்று பாதி வெளியே வந்த நிலையில், இழுத்து விட ஆளில்லாமல் தாயும் போயிருந்தது, கன்றும் போயிருந்தது.

தங்கவேல் அந்தப் பசுவை லெட்சுமி என்று கூப்பிட்டு வளர்த்தவன். பட்டியில் முழங்காலிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவன், எழுந்தபோது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று முதல் பேச்சு நின்றது. ஒரே சுவர் நடுவில். அவன் இருமினால் இவளுக்குக் கேட்கும். இவள் முனகினால் அவனுக்குக் கேட்கும். ஆனாலும் எதையாவது சொல்லவேண்டி வந்தால் அவன் மாரியாயியைப் பார்த்து, அந்தப் பொம்பளகிட்ட சொல்லு என்பான். கலாராணி சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கேட்டுக்கொள்வாள்.

தோட்டத்துக்கும் அவள் மழைக்காரி ஆகிவிட்டாள். கொழுந்து மலையில், வானம் வெளுத்துக் கிடக்கிற நாளில் வேண்டுமென்றே யாராவது, "கலாக்கா, இன்னைக்கு துணி தொவைக்கலாமா, இல்ல பள்ளிக்கூடத்துக்கு போகணுமா?" என்று கேட்பார்கள். நிரை முழுக்கச் சிரிப்பு ஓடும். அவளும் சிரிப்பாள். கூடைக்குள் கொழுந்தோடு சேர்ந்து ஒரு சொட்டுக் கண்ணீரும் விழுந்தால், அது யாருக்குத் தெரியப்போகிறது.

இந்த நிலையில்தான் இந்த வருஷத் தை மாதத் திருவிழா வந்தது.

மேற்கணக்கு மாரியம்மன் கோயிலுக்குத் தங்கவேல்தான் தலைவர். கரகம் எடுப்பவனும் அவனே. திருவிழாவின் முதல் நாள் அவன் தோட்டத்தைச் சுற்றி வந்து, பாலத்தடியில் இருக்கும் முனியாண்டி கல்லில் வேப்பிலை கட்டி எல்லை கட்டினான். பிறகு விரதக்காரர்களுக்கெல்லாம் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டினான். காப்புக் கட்டியவர்கள் கரகம் கரைத்துக் காப்பை அவிழ்க்கும் வரை அந்த எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஆத்தாளின் கோபம் தாண்டியவரோடு நிற்காது, தோட்டத்தையே பிடிக்கும் என்பது அங்கே உள்ள நம்பிக்கை. வீட்டுக்கு ஒருவராவது காப்புக் கட்டியிருந்தார்கள். கலாராணியும் வரிசையில் நின்று கையை நீட்டினாள். தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டிவிட்டு, அடுத்த ஆளிடம் நகர்ந்தான். அந்த விரல்கள் தன் மணிக்கட்டில் பட்டதற்கே அவள் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

காப்புக் கட்டிய மறுநாள் மழை தொடங்கியது. விடாத மழை. தை மாதத்தில் ஊவா மலைகளில் இப்படிப் பெய்வது புதிதல்ல. பந்தலுக்கு மேலே தார்ப்பாய்ப் படங்கைக் கட்டிக்கொண்டு திருவிழா நடந்தது. அடுத்த நாள் காலையில் போத்தலில் தண்ணீர் மஞ்சளைத் தாண்டியிருந்தது. மத்தியானம் செம்மஞ்சளைத் தொட்டது. கலாராணி கோயிலடிக்குப் போய், ஆத்தாளுக்கு மாவிளக்குப் பிடித்துக்கொண்டிருந்த மாரியாயியிடம் சொன்னாள். தங்கவேல் இரண்டடி தூரத்தில்தான் இருந்தான். அவன் மனைவியைப் பார்த்துச் சொன்னான்.

"காப்பு கட்டினவன் எல்லை தாண்டமாட்டான்னு சொல்லு. ஆத்தாவ விட அந்தப் போத்தலு பெருசா போச்சான்னும் கேளு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாரியாயி சிரிக்கவில்லை. கலாராணி திரும்பி நடந்தாள். வழியில் கால் கழுவப் பீலியடியில் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

தண்ணீர் செம்மண் கரைசலாக வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் அவளுடைய நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதை எழுதச் சொற்கள் போதாது. புதைந்துபோன லயமும், அதற்குள்ளிருந்து கேட்டிருக்கவேண்டிய அந்த மழலைக் குரலும் ஒன்றாக எழுந்து அவளைப் பிடித்து உலுக்கின. வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்த்தாள். தண்ணீர் சிவப்புக் கோட்டில் நின்றது. இப்போதே யாராவது கிராம சேவகருக்குச் சொல்லவேண்டும், பாடசாலையைத் திறக்க வைக்கவேண்டும். நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. லயத்தில் ஒரு போனிலும் உயிர் இல்லை. போன் இருக்கிற மிகக் கிட்டிய இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம், பாதையோரத்தில் உள்ள றஹீம் நானாவின் கடை.

அவள் பாலத்தடிக்கு வந்தாள். முனியாண்டி கல்லில் தம்பி கட்டிய வேப்பிலை மழையில் நனைந்து தொங்கியது. கலாராணி மணிக்கட்டைப் பார்த்தாள். தாண்டினால், மலை விழுந்தால் எல்லை தாண்டிய இவளால்தான் விழுந்தது என்பார்கள். விழாவிட்டால் மறுபடியும் பொய்க்காரி என்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் இந்தத் தோட்டத்தில் அவளுக்கு இனி முகமில்லை. தாண்டாவிட்டால் ஒரு பழியும் இல்லை. யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அன்று பெரட்டுக்களத்தில் சொல்லாமல் இருந்த அந்த மனிதரையும் யாரும் எதுவும் சொல்லவில்லைதானே.

பின்னால் தண்ணிக் குடத்தோடு வந்த பெண்கள், ஐயோ காப்பு, ஐயோ காப்பு என்று கத்தினார்கள். அவள் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாலத்தில் கால் வைத்தாள்.

றஹீம் நானா அவள் நனைந்து நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் போனை நீட்டினார். கிராம சேவகர் பாடசாலை அதிபருக்குச் சொல்லி அதைத் திறக்க வைப்பதாகச் சொன்னார். நானா கடைப் பலகையை இறக்கத் தொடங்கினார். நடக்க முடியாதவர்களை ஏற்ற லொறியைப் பாலத்தடிக்குக் கொண்டுவருகிறேன் என்றார். அவளுடைய கையில் இருந்த மஞ்சள் கயிறு அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. இருபது வருஷமாக அந்தத் தோட்டத்துக்குக் கடை வைத்திருப்பவருக்கு அதன் கனம் தெரியும்.

"புள்ள, ஒன்ன உள்ள எடுப்பாங்களா இனி?" என்று கேட்டார்.

"தெரியலங்க நானா," என்றாள் கலாராணி.

அவள் திரும்பி வந்தபோது செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கோயிலடியில் மேற்கணக்கு முழுவதும் கூடி நின்றது. தப்பு மேளம் ஓய்ந்திருந்தது. யாரும் அவளுக்கு வழி விடவில்லை, யாரும் மறிக்கவும் இல்லை. தங்கவேல் பந்தலை விட்டு மழைக்குள் இறங்கி வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"எல்லைய தாண்டிட்டியா? இனி மலை எறங்குனா அது ஒன்னாலதான்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் அக்காவிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை இது. எந்த வார்த்தைக்காக அவள் சுவரோரத்தில் காது வைத்துக் காத்திருந்தாளோ, அந்த வார்த்தை இப்படி வந்தது. கலாராணியின் குரல் தெளிவாகத்தான் வந்தது.

"சரிப்பா, என்னாலதான். பாவம் எனக்குத்தானே, நான் வச்சிக்கிறேன். நீங்க யாரும் எல்லைய தாண்ட வேணாம்." அவள் மூச்சு வாங்கினாள். "எல்லைய தள்ளிக் கட்டு."

அவனுக்குப் புரியவில்லை. யாருக்கும் புரியவில்லை.

"மொத நாளு வேப்பிலைய முனியாண்டி கல்லுல கட்டுன. யாரு கட்டுனது? நீதானே கட்டுன. அத அவிழ்த்துக் கொண்டுபோய் பள்ளிக்கூடத்து கேட்டுல கட்டு. கரகத்த தூக்கிக்கிட்டு நீ முன்னுக்கு போ. கரகம் போற எடமெல்லாம் ஆத்தா எடந்தானே? அவ புள்ளைங்கள கூட்டிக்கிட்டு அவளே போனா, அவள யாரு கேக்கப்போறா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இப்படி நடந்ததே இல்லை என்றார் ஒருவர். எல்லையை அவரவர் இஷ்டத்துக்கு நகர்த்த முடியுமா என்று கேட்டார் இன்னொருவர். போன தடவையும் இப்படித்தான் இழுத்தாள் என்றது ஒரு குரல். தங்கவேல் நின்ற நிலையைப் பார்த்தால், அவனுடைய மனம் பட்டியடியில் நின்றது தெரிந்தது. அது கலாராணிக்கும் தெரிந்தது. அவள் அவனருகே போனாள். இப்போது அவள் பேசியது அவனுக்கு மட்டுந்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"லெட்சுமிக்கு என்னால பதில் சொல்ல முடியாது தம்பி. எத்தன தடவ நெனச்சாலும் முடியல. என் புள்ளைக்கும் யாரும் பதில் சொல்லல. பீலில போய் பாரு. பாத்துட்டு என்ன அடிக்கிறதுனாலும் அடி."

அவன் போனான். கூட்டம் வழி விட்டது. பீலியடியில் அவன் குனிந்து, இரண்டு கைகளிலும் தண்ணீரை ஏந்திப் பார்த்தான். விரல்களுக்கிடையே சிவந்த சேறு வடிந்தது. அவன் நிமிர நேரம் பிடித்தது. நிமிர்ந்தபோது அவன் முதலில் பார்த்தது அக்காவை.

அதற்கு முன்பே மாரியாயி பந்தலில் கட்டியிருந்த வேப்பங்கொத்தை இழுத்து எடுத்துக்கொண்டு நின்றாள். புருஷன் சரி சொல்வான் என்று எதிர்பார்த்து அல்ல. சொல்லாவிட்டால் தானே தூக்கிக்கொண்டு போவதற்குத்தான். அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் அது புரிந்திருக்கும்.

இருட்டுவதற்கு முன் மேற்கணக்கு இறங்கியது. அதை ஓடிப் போனதென்று யாரும் சொல்லமுடியாது. கரகம் முன்னால் போனது. அதன் பூவெல்லாம் மழையில் உதிர்ந்துகொண்டிருந்தது. தப்புத் தோல் நனைந்து மந்தமாக ஒலித்தது. மூட்டைகள், கோழிக்கூடைகள், தூங்கும் குழந்தைகள், தலையில் படங்கைக் கவிழ்த்த பெண்கள் எல்லாம் அதன் பின்னால். இந்தத் தடவை மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள், கலாராணிதான் ஒவ்வொரு பட்டியாகப் போய் அவிழ்த்துவிட்டாள். முனியாண்டி கல்லடியில் தங்கவேல் நின்றான். வேப்பிலையை அவிழ்த்தான். மன்னிச்சிக்க ஐயா, நீயும் வந்துரு என்று கல்லிடம் சொன்னான். கரகத்தோடு அவன் போய்ப் பாடசாலைக் கேட்டில் அதைக் கட்டி முடிக்கும்வரை, காப்புக் கட்டிய மற்றவர்கள் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். கட்டியாயிற்று என்ற குரல் கேட்ட பிறகுதான் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். லொறியில் ஏற்றப்பட்ட முதியவர்கள்கூட, குரல் வரும் வரை லொறியை எடுக்கவேண்டாம் என்று றஹீம் நானாவை மறித்தார்கள். அவரும் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

கடைசியாகக் கடந்தவள் கலாராணி. எல்லை தாண்டிய பாவத்தோடு உள்ளே போகலாமா என்று கேட்டில் தயங்கி நின்றாள். மாரியாயி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

காலையில் மழை விட்டிருந்தது. பாடசாலை முற்றத்திலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் வெள்ளப்பாறை தெரியும். மேகம் விலகியபோது எல்லோரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். மூன்று லயங்களும் கழுவித் துடைத்தாற்போல நின்றன. மலை பச்சைப் பசேலென்று, ஒரு கீறலும் இல்லாமல் நின்றது.

கலாராணியால் அங்கே நிற்க முடியவில்லை. பாடசாலைக்குப் பின்னால் போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். யோசித்துப் பாருங்கள், இப்படியொரு வேலை வேறு யாருக்காவது உண்டா? ஒரு விஷயத்தை உரக்கச் சொல்லவேண்டும், சொல்லிக்கொண்டே அது நடக்கக்கூடாது என்று சாமியைக் கும்பிடவேண்டும். சாமி கேட்டுவிட்டால் ஊர் சிரிக்கும். கேட்காவிட்டால் ஊரே இருக்காது.

தங்கவேல் கையில் ஒரு கோப்பை பாலில்லாத பிளேன்டியோடு வந்து அவளுக்கு எதிரே குந்தினான். அதை நீட்டினான். விரலால் மண்ணைக் கிளறினான்.

"விழலேன்னு அழுவுறியாக்கா?"

"இல்லப்பா. விழாம நிக்குதேன்னு."

அவன் தலையை ஆட்டினான். ஒரு வருஷக் கோபம் அந்த அக்கா என்ற ஒரு சொல்லில் கரைந்துபோனதென்று எழுத எனக்கு ஆசைதான். அப்படிக் கரையவில்லை. லெட்சுமியை நினைக்கும்போது எனக்கு இன்னும் நெஞ்சு எரியுது என்று அவன் அங்கேயே சொன்னான். அவளும் எரியட்டும் என்றுதான் சொன்னாள். ஆனால் எரிகிற நெஞ்சோடு அவன் அவளுக்கெதிரே குந்தியிருந்தான், எழுந்து போகவில்லை. மனிதர்களுக்குள் இவ்வளவு நடந்தாலே பெரிது.

"அடுத்த தடவையும் சிவப்ப தொட்டா?" என்று கேட்டான்.

"அடுத்த தடவையும் சொல்லுவேன். எத்தன தடவ பொய்யா போனாலும் சொல்லுவேன். உண்மையா போறதுக்கு ஒரு தடவ போதும் தம்பி."

அதிகாரிகள் வந்து லயத்துக்குப் பின்னால் ஏறிப் பார்த்தார்கள். இன்னும் சில நாள் இங்கேயே இருக்கச் சொன்னார்கள். மலைக்குள் ஊறிய தண்ணீர் இறங்கவேண்டுமாம். திருவிழாவின் மிச்சம் பாடசாலை முற்றத்திலேயே நடந்தது. கரகத்தைப் பாதையோர ஓடையில் கரைத்தார்கள். பிறகு மேற்கணக்கு வீடு திரும்பியது. ஆத்தாளின் கோபமும் வரவில்லை, மலையும் வரவில்லை. கொழுந்து மலையில் பேச்சு மறுபடி தொடங்கியது. மழைக்காரி என்ற பெயரும் போகவில்லை.

சித்திரை பிறக்கிற சமயத்தில், பின்னேர இடியோடு மறுபடி பெரிய மழை பிடித்தது. கலாராணி வாசலுக்கு ஓடிப் பார்த்தபோது தண்ணீர் சிவப்பில் நின்றது. கதவுகளைத் தட்டவேண்டும். மூன்றாவது முறை. யார் வருவார்கள்? எந்த முகத்தோடு போய் நிற்பது? அவள் திரும்பினாள்.

தங்கவேல் தன் வீட்டு வாசலில் மாட்டுக் கயிற்றோடு நின்றான். எவ்வளவு நேரமாக அங்கே நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானோ தெரியாது. அவள் சொல்லும் முன்பே அவன் கீழ் லயத்துப் பக்கம் இறங்கி, கதவு கதவாகத் தட்டத் தொடங்கினான்.

ஒவ்வொரு கதவும் திறந்தது. சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் அடுப்பில் இருந்த சோற்றைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொழுந்து மலையில் அவளை அதிகம் கேலி செய்கிற பெண்தான் முதலில் பாலத்தடிக்கு வந்து சேர்ந்தாள், இடுப்பில் பிள்ளையோடு, தலையில் மூட்டையோடு.

"கலாக்கா, இந்தத் தடவையாவது விழுமா?" என்று கேட்டாள்.

"விழாதுடி," என்றாள் கலாராணி. "வா."